வாலிநோக்கம் உப்பளம்: பாலிகான் போட்டுத் தேர்வு செய்தால் பாதி எலிமெண்ட் நழுவுகிறது (ஃபெஃப்ளோ)

மணல்மேடு எழுதியது:

வணக்கம். கல்லூரி ஒன்றில் திட்ட உதவியாளனாக இருக்கிறேன். ஏர்வாடியிலிருந்து வாலிநோக்கம் தாண்டி மாரியூர் வரைக்கும் கடலோர நிலத்தடி நீருக்கு ஃபெஃப்ளோ என்ற நிலத்தடி நீர் மென்பொருளில் ஒரு மாடல் போடச் சொல்லியிருக்கிறார்கள். உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது, மணல்மேட்டுக்குப் பின்னால் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிறார்களே, அந்தத் தண்ணீர் தாங்குமா என்பதுதான் கேள்வி.

மேல் மணல், நடுவில் களி, கீழே மணற்பாறை என்று 3 லேயர். முக்கோண மெஷ், அதாவது நிலத்தை முக்கோணத் துண்டுகளாகப் பிரித்த வலை; ஒரு துண்டு ஒரு எலிமெண்ட். மொத்தம் 3,40,000 எலிமெண்ட். உப்பளம் இருக்கும் பகுதிக்கு மட்டும் நீர்க்கடத்துதிறனைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். இங்கேதான் நேற்று ராத்திரியிலிருந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலில், முக்கோணத்தை க்ளிக் செய்தால் முக்கோணம் சிக்க மாட்டேன் என்கிறது, மூலையில் இருக்கிற புள்ளிதான் (நோடு) சிக்குகிறது. அதைவிட்டு உப்பளத்தின் ஷேப்ஃபைலை (எல்லையை வரைந்து வைத்த வரைபடக் கோப்பு) வைத்துப் பாலிகானாகத் தேர்வு செய்தேன். எப்படியோ எலிமெண்ட் வந்தது, மதிப்பும் கொடுத்தேன். குறுக்குவெட்டைப் பார்த்தால் மேல் லேயரில் மட்டும் மாறியிருக்கிறது, களி பழையபடியே இருக்கிறது. உப்பள எல்லையும் ரம்பப் பல் மாதிரி வருகிறது. கடலுக்குள் போய்விட்ட எலிமெண்ட்களை அழிக்கலாம் என்று டெலீட் போட்டேன், மூன்று லேயரும் சேர்ந்து போய்விட்டது. நல்லவேளை காப்பி வைத்திருந்தேன்.

கடைசியாக, உப்பை விட்டு வெறும் ஓட்டத்தை மட்டும் ஓட்டினால் ஓடுகிறது. அடர்த்தியைச் சேர்த்தவுடன் டைம் ஸ்டெப் (கணக்கு ஒரு தடவையில் தாண்டும் காலம்) 0.000001 நாளுக்குச் சுருங்கி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

கணுக்கால் எழுதியது:

முதல் பிரச்சினைக்கு மட்டும் பதில். நீங்கள் எதைத் தேர்வு செய்கிறீர்கள் என்பதை மௌஸ் முடிவு செய்யாது, டேட்டா பேனலில் எந்த அளவுரு விழித்திருக்கிறதோ அதுதான் முடிவு செய்யும். எல்லை நிபந்தனை (நீர்மட்டம், செறிவு இவ்வளவு என்று நாம் கட்டிவைப்பது) நோடில் உட்காரும். கடத்துதிறன் எலிமெண்டில் உட்காரும். நீர்மட்ட எல்லையைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கோணத்தைத் தொட்டால் நோடுதான் சிக்கும். கடத்துதிறன் பெயரின்மேல் இரட்டை க்ளிக் செய்துவிட்டு அப்புறம் தொட்டுப் பாருங்கள்.

மணல்மேடு எழுதியது:

சரியாகிவிட்டது! பாலிகான் போடும்போது எப்படி எலிமெண்ட் வந்தது என்பதும் இப்போது புரிகிறது. நடுவில் டீ குடித்துவிட்டு வந்து கடத்துதிறனைத் திறந்திருக்கிறேன்.

பழைய போர்வெல் எழுதியது:

தம்பி, லேயர் வேறு, ஸ்லைஸ் வேறு. மூன்று தோசையை அடுக்கி வைத்தால் தோசை மூன்று, பரப்பு நான்கு. தோசை லேயர், பரப்பு ஸ்லைஸ். உங்களிடம் 3 லேயரும் 4 ஸ்லைஸும் இருக்கும். ஸ்லைஸ் வியூவில் நின்றுகொண்டு பாலிகானால் எடுத்தால் அந்த ஒரு தளத்துக்குத்தான் தேர்வு. மற்ற லேயருக்கும் வேண்டுமென்றால் தேர்வை மற்ற லேயர்களுக்கு நகல் எடுக்கும் வசதி தேர்வுக் கருவிப்பட்டையிலேயே இருக்கிறது. அதைப் போட்ட கையோடு, மதிப்புக் கொடுப்பதற்கு முன்னால், 3டி வியூவில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பார்க்காமல் மதிப்புக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து அறிக்கை எழுதும்போது கண்டுபிடித்தவன் நான்.

ஆனால் உப்பளத்துக்கு அடியில் இருக்கும் களியையும் எதற்கு மாற்றுகிறீர்கள்? உப்பளம் நிலத்தின் மேல்தோலில்தான் இருக்கிறது. மேல் லேயரில் மட்டும் மாறியது தற்செயலாகச் சரியாகவே விழுந்திருக்கலாம்.

டெலீட் விஷயம். அடுக்கு மெஷ்ஷில் கீழ் லேயர் எல்லாம் மேலே இருக்கும் முக்கோணத்தின் அச்சு. ஒன்றைப் பிடுங்கினால் முழுத் தூணும் போகும். கணக்கில் சேராமல் இருந்தால் போதும் என்றால் அழிக்காமல் அந்த எலிமெண்ட்களைச் செயலற்றதாக்கலாம். அதையும் கடல் பக்கத்தில் செய்யாதீர்கள் என்பேன். நன்னீர் கரைக்கோட்டிலேயே நின்றுவிடாது, கடலடி வழியாகவும் கசியும். அது வெளியேற மாடலில் கடலுக்குள் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

ஷேப்ஃபைல் அக்கா எழுதியது:

ரம்பப் பல்லுக்கும் டைம் ஸ்டெப் சுருங்குவதற்கும் காரணம் ஒன்றுதான், மெஷ் போடுவதற்கு முன்னால் வரைந்த கோடுகள்.

உப்பள வரப்பு எங்கே போகிறது என்று உங்கள் முக்கோணங்களுக்குத் தெரியாது. அவை தன்பாட்டுக்கு அமைந்தபின் மேலே பாலிகானை வைத்தால், எந்தக் கருவியால் எடுத்தாலும் விளிம்பு பல்லிளிக்கும். ஒவ்வொன்றாக க்ளிக் செய்து சேர்க்க ஆரம்பித்தால் பொங்கல் வந்துவிடும். உப்பளப் பாலிகானை சூப்பர்மெஷ்ஷில் (மெஷ் போடுவதற்கு அடிப்படையாக வரையும் கோடுகள்) சேர்த்து மறுபடி மெஷ் போடுங்கள். முக்கோணத்தின் விளிம்பு வரப்பின்மேலேயே வந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் தேர்வு ஒரே க்ளிக்.

கரைக்கோட்டை நீங்களே வரைந்ததாக இருந்தால் எத்தனை மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தீர்கள்? சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி, அலை நுரையை எல்லாம் சுற்றி வளைத்து வரைவது எல்லோருக்கும் வரும் ஆசை. மெஷ் ஜெனரேட்டர் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நோடு வைத்தே தீரும். 5 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் கரை நெடுக 5 மீட்டர் முக்கோணம்தான். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கோட்டை எளிமையாக்கிவிட்டுக் கொண்டு வாருங்கள். எல்லா ஃபைலும் யூடிஎம் 44 வடக்கில்தானே (இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) இருக்கிறது? ஒன்று மட்டும் டிகிரியில் இருந்தால் அது வங்காள விரிகுடாவில்கூடக் கிடைக்காது.

மெஷ் போட்டபின் துணைத் தரவில் முக்கோணங்களின் அதிகபட்ச உள்கோணத்தை வண்ணமாகப் போட்டுப் பாருங்கள். 120 டிகிரிக்கு மேலே இருப்பவை எங்கே கூட்டமாக இருக்கின்றனவோ அங்கேதான் உங்கள் டைம் ஸ்டெப் செத்துக்கொண்டிருக்கிறது.

மணல்மேடு எழுதியது:

அக்கா, எண்ணிப் பார்த்தேன். 3 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் கரையில் இழுத்துப் போட்டிருந்த வள்ளத்தையும் சுற்றி வரைந்திருக்கிறேன்.

பாத்தி மிதித்தவன் எழுதியது:

எனக்கு இந்த மென்பொருள் தெரியாது. மைத்துனர் இதைக் காட்டி, நீ உப்பளத்துக்காரன்தானே, படி என்றார். படித்ததில் ஒன்று உறுத்தியது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் உப்பளம் என்று ஒரே கட்டமாகப் பேசுகிறீர்கள். உப்பளத்தில் தண்ணீர் ஒரே மாதிரி இருக்காது. முதலில் கடல் தண்ணீர் தேங்குகிற பெரிய இடம், அங்கே டிகிரிமானியை (தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கருவி) போட்டால் 3 காட்டும். அங்கிருந்து ஒவ்வொரு பாத்தியாக மாறி மாறி வெயிலில் காய்ந்து 10, 15 என்று ஏறும். கடைசிப் பாத்தியில் 25-ஐத் தொடும்போதுதான் உப்பு விளையும். 29, 30-க்குப் போய்விட்டால் மிஞ்சியது கசப்புத் தண்ணீர், வெளியே விட்டுவிடுவோம். அந்தக் கடைசிப் பாத்தியின் தரையை நாங்கள் சும்மா விடுவதில்லை. சீசன் தொடக்கத்தில் ஈரக் களியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவோம். சரியாக மிதித்த பாத்தியில் குதிகால் வைத்தால் பள்ளம் விழாது. தண்ணீர் கீழே இறங்கினால் எங்களுக்கு உப்பு ஏது? ஆனால் முதலில் தேங்குகிற இடத்தை யாரும் மிதிப்பதில்லை, அங்கே இறங்கத்தான் செய்யும்.

ஐப்பசி மழை விழுந்தால் எல்லாம் கரைந்து நின்றுவிடும், மறுபடி தை மாசி ஆகும். அதனால் வருஷம் முழுவதும் ஒரே உப்பு என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். சில அளங்களில் கடல் தண்ணீருக்குப் பதிலாகப் போர் போட்டு உப்புத் தண்ணீர் எடுக்கிறார்கள். உங்கள் இடத்தில் எது என்று நேரில் போய்க் கேளுங்கள். சாட்டிலைட் படத்தில் அது தெரியாது.

பழைய போர்வெல் எழுதியது:

அண்ணே, பிடித்தீர்களே ஒரு பிடி. முப்பது வருஷமாக இந்தக் கரையில் போர் பார்க்கிறேன், எனக்கே இது தோன்றவில்லை.

தம்பி, அண்ணன் சொன்னதை எண்ணில் பாருங்கள். 25 டிகிரி என்றால் ஒரு லிட்டர் சுமார் 1.2 கிலோ. கடல் தண்ணீர் 1.025 கிலோதான். கடலுக்கு நன்னீரைவிட 0.025 அடர்த்தி வித்தியாசம் என்று கொடுத்திருப்பீர்கள், கடைசிப் பாத்திக்கு அது 0.2 ஆகிவிடும், எட்டு மடங்கு. உப்புச்செறிவின் உச்சத்தை லிட்டருக்கு 35 கிராம் என்றே வைத்திருந்தால் மாடலுக்கு இது தெரியவே போவதில்லை. ஆகவே ஒரே பாலிகான் வேண்டாம். தேங்கும் இடம், காயும் இடம், விளையும் பாத்தி என்று மூன்றாக வரைந்து மூன்று தேர்வாகப் பெயர் வைத்துச் சேமியுங்கள். கடத்துதிறன் எலிமெண்ட் தேர்வுக்கு, செறிவு நோடு தேர்வுக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் மாற்றிப் போடுவீர்கள். செறிவைக் காலத்தோடு மாறும் தொடராகக் கொடுங்கள்.

கடல் எல்லையில் எல்லா ஆழத்துக்கும் நீர்மட்டம் 0 என்று கொடுத்திருக்கிறீர்களா? 20 மீட்டர் ஆழத்தில் கடல் தண்ணீருக்குச் சமமான நன்னீர் மட்டம் 0.5 மீட்டர். அதைக் கொடுக்காவிட்டால் கடல் உள்ளே தள்ளவே தள்ளாது.

கணுக்கால் எழுதியது:

ஊற்றை எல்லோரும் மறந்துவிட்டோமோ? தம்பியின் கேள்வியே அதுதானே. மணல்மேட்டுக்கு அடியில் இருப்பது உப்புத் தண்ணீர்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர். கடல்மட்டத்துக்கு மேலே 10 செ.மீ. இருந்தால் கீழே ஏறக்குறைய 4 மீட்டர், அவ்வளவுதான். அதனால்தான் சிரட்டையால் மேலாக மொண்டு எடுக்கிறார்கள், மோட்டார் வைத்தால் உப்பு மேலே வந்துவிடும். அந்த 4 மீட்டரை ஒரே மணல் லேயருக்குள் அடைத்தால் மாடலில் நன்னீரே தெரியாது. மேல் லேயரைப் பிரித்தே ஆக வேண்டும்.

பக்கவாட்டிலும் அதே கதை. நீளவாக்குப் பரவல் (ஓடும் திசையில் உப்பு எவ்வளவு பரவும் என்பதற்கான அளவு) 10 மீட்டர் என்று வைத்திருந்தால் முக்கோண விளிம்பு 20 மீட்டருக்குள் இருப்பது நல்லது. உள்நாட்டில் 150 மீட்டர் இருக்கட்டும். மணல்மேட்டை மட்டும் பாலிகானால் எடுத்து எலிமெண்ட்களை நுணுக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு முக்கோணம் நான்காகும், விளிம்பு பாதியாகும். 150, 75, 37, 19, மூன்று தடவை போதும். 200 மீட்டர் அகலம், 6 கி.மீ. நீளம் என்றால் அந்தப் பட்டையில் முதலில் 120 முக்கோணத்தை ஒட்டி இருக்கும், கடைசியில் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். நீங்கள் இப்போது வள்ளத்தைச் சுற்றிச் செலவழிப்பதைவிட மலிவு.

நுணுக்கியபின் பழைய சேமித்த தேர்வுகளை நம்ப வேண்டாம். பாலிகானிலிருந்து மறுபடி எடுங்கள். புதிதாக வந்த நோடுகளில் எல்லை நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். லேயர் பிரிப்பதற்கு முன்னால் இதையெல்லாம் முடித்துவிட்டால் உயிர் மிஞ்சும்.

மணல்மேடு எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இடையில் ஒருநாள் வாலிநோக்கம் போய்வந்தேன். உப்பளத்து மேற்பார்வையாளரோடு நடந்து மூன்று பகுதியையும் போனிலேயே குறித்துக்கொண்டேன். பாத்தியில் குதிகால் வைத்துப் பார்த்தேன் அண்ணே, பள்ளம் விழவில்லை.

கரைக்கோட்டை 60 மீட்டருக்கு ஒரு புள்ளியாக்கினேன். உப்பளத்தின் மூன்று பாலிகான், மணல்மேடு எல்லாவற்றையும் சூப்பர்மெஷ்ஷில் சேர்த்து மெஷ் போட்டு, மணல்மேட்டை நுணுக்கி, பிறகு 9 லேயராகப் பிரித்தேன். ஒரு லேயருக்கு 21,000. மொத்தம் 1,89,000. மூன்று லேயராக இருந்தபோது இருந்ததைவிடக் குறைவு!

ஆனால் டைம் ஸ்டெப் இன்னும் ஒரே ஒரு இடத்தில் இடிக்கிறது. ஓடை கடலில் சேரும் முகத்தில் நூல் மாதிரி நான்கைந்து முக்கோணம். உள்கோணம் 178 டிகிரி காட்டுகிறது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன், நோடை நகர்த்திப் பார்த்தேன். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் இன்னொன்று முளைக்கிறது.

ஷேப்ஃபைல் அக்கா எழுதியது:

அந்த இடத்தில் உப்பளப் பாலிகானும் கரைக்கோடும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? ஆம் என்றால் மெஷ்ஷில் நோண்ட வேண்டாம். க்யூஜிஐஎஸ்ஸில் அந்த இடத்தை 1:50 அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மணல்மேடு எழுதியது:

அக்கா! இரண்டு கோட்டுக்கும் நடுவில் 40 செ.மீ. இடைவெளி. தொடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்னாப் போட்டு ஒட்டவைத்து மறுபடி மெஷ் போட்டேன், நூல் முக்கோணம் ஒன்றுகூட இல்லை. தேர்வுகளையும் பாலிகானிலிருந்து புதிதாக எடுத்தேன். இப்போது டைம் ஸ்டெப் 0.4 நாளில் ஓடிக்கொண்டிருக்கிறது. விடிவதற்குள் முதல் வருஷம் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.