3.15 எம்என் என்றால் எத்தனை டன்? அவசரம்

பிரஸ்கடை_தம்பி:
அண்ணா, அழுத்துற பிரஸ் மெஷின் கொட்டேஷனில் விசை 3.15 எம்என் என்று போட்டிருக்குது. டன்னுக்கு மாற்றினால் ஒரு வெப்சைட்டில் 354, இன்னொன்றில் 316, மூன்றாவதில் 321. வேலைக்கு 320 டன் வேணும். நாளைக்குக் காலையில் அட்வான்ஸ் கட்டணும். எதை நம்புறது?

ஓல்டு_ஃபிட்டர்:
ஹைட்ராலிக்கா, மெக்கானிக்கலா? ராம், அதான் அழுத்துற தண்டு, அதோட விட்டம்? பிரஷர்? ஒன்றுமே சொல்லாமல் எப்படிங்க தம்பி?

வாத்தியார்67:
முதலில் எம் பெரியதா சின்னதா என்று பார்த்து எழுதவும். சின்ன எம் என்றால் மில்லி, பெரிய எம் என்றால் மெகா; என் என்பது நியூட்டன், விசையின் அலகு. 3.15 மில்லி நியூட்டன் 0.32 கிராம் எடைக்குச் சமம். பத்துப் பதினைந்து அரிசியைத் தூக்கலாம். பள்ளிக்கூடப் பாடம் இது.

ஈரோட்டு_மாப்பிள்ளை:
மூணு சைட்டும் சரிதானுங்க, டன்தான் வேற வேற. 354 என்பது 2000 பவுண்டு அமெரிக்க டன், 316 என்பது 2240 பவுண்டு பிரிட்டிஷ் டன். நம்ம 1000 கிலோ மெட்ரிக் டன்னுக்கு 3.15 மெகா, அதாவது 3150 கிலோ நியூட்டனை 9.80665 ஆல் வகுங்க, 321.2 வரும்.

நொய்யல்_கரை:
அந்த 9.80665 புவியீர்ப்பு முடுக்கம், ஜி. கோயமுத்தூரில் ஜி 9.78 தானுங்க. அதில் வகுத்தால் 322.

வாத்தியார்67:
டன் விசை என்பது வரையறை. 9.80665 என்று 1901 பாரிஸ் மாநாட்டிலேயே முடிவாகிவிட்டது. வால்பாறைக்கு ஒரு டன், அவிநாசிக்கு ஒரு டன்னா?

நொய்யல்_கரை:
ஸ்பிரிங் தராசில் மாறத்தானே செய்யும்?

ஓல்டு_ஃபிட்டர்:
அதை விடுங்க. நிறையப் பேர் 3150 கிலோ நியூட்டனைப் பத்தால் வகுத்து 315 டன் பிரஸ் என்றே சொல்லி விற்கிறார்கள். அது வாய்க்கணக்கு. தம்பி, ராம் விட்டம் கேட்டேனே?

சந்தைப்பேட்டை:
குறுக்கே ஒரு சந்தேகமுங்க. ஜிகா நியூட்டன் எல்லாம் எங்கே வரும்?

ஈரோட்டு_மாப்பிள்ளை:
அணையில் வரும். 1 ஜிகா நியூட்டன் என்றால் 1000 மெகா, சுமார் 1,01,972 டன். ஒரு டிஎம்சி தண்ணீரின் எடையே சுமார் 278 ஜிகா நியூட்டன். பவானிசாகரின் 32.8 டிஎம்சியும் நிரம்பினால் 9 டெரா நியூட்டனை, அதாவது 9000 ஜிகாவைத் தாண்டும்.

நொய்யல்_கரை:
நிரம்பி என்னங்க? கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போட்டால் கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வரும்?

ஈரோட்டு_மாப்பிள்ளை:
போட்டால்தானுங்க கடைமடைக்குத் தண்ணி போகும். எங்க மாமனார் காடு கடைமடையில்தான் இருக்குது.

நொய்யல்_கரை:
அதானே பார்த்தேன்.

ஓல்டு_ஃபிட்டர்:
வாய்க்கால் சண்டையை வேற இழையில் வெச்சுக்குங்க சாமி.

பிரஸ்கடை_தம்பி:
மறந்துட்டேனுங்கண்ணா. ஹைட்ராலிக், ராம் விட்டம் 400 எம்எம், பிரஷர் 250 பார். பெரிய எம்தான்.

ஓல்டு_ஃபிட்டர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 40 செ.மீ. விட்டத்துக்குப் பரப்பு 1256.6 சதுர செ.மீ. 250 பார் என்பது சதுர செ.மீ.க்கு 254.9 கிலோ. பெருக்கினால் 320 டன், 3.14 மெகா நியூட்டன். கொட்டேஷனில் தப்பில்லை. ஆனால் அந்த 250 பார் தினசரி ஓட்டுகிற பிரஷரா, உச்ச அளவா? உச்சம் என்றால் வேலைக்கே 320 டன் கேட்கும்போது மெஷின் முக்கிக்கொண்டுதான் ஓடும். ஒரு சைஸ் மேலே பாருங்க.

பிரஸ்கடை_தம்பி:
உச்ச அளவுதானாமுங்க. 4 எம்என் மெஷினுக்கு மாத்திட்டோம், 400 டன். நன்றிங்கண்ணா.

வாத்தியார்67:
407.9.