மெனியர் தலைசுத்தலுக்குக் காது ஊசி: கோவை, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் பார்க்கறவங்க சொல்றது

காது மூக்கு தொண்டை, கோவை:
தலைசுத்தல்னு வர்ற எல்லாருக்கும் செவிப்பறை வழியா நடுக்காதுல மருந்து விடற இந்த ஊசி இல்லீங்க. படுக்கையில புரண்டா ஒரு நிமிசத்துக்குள்ள சுத்தி நிக்குதுன்னா, உள்காதுத் துகள் இடம் மாறியிருக்கும். எப்ளி முறையில தலையைத் திருப்பி விட்டாப் போதும். 20 நிமிசத்துல இருந்து 12 மணி நேரம் வரைக்கும் சுத்தி, கூடவே காது அடைப்பு, இரைச்சல், கேக்கற திறன் ஏறி இறங்கறது எல்லாம் இருந்தாத்தான் மெனியர்ங்கற உள்காது நோய். அதுலயும் உப்பைக் குறைச்சு, மாத்திரை எடுத்தும் அடங்காதவங்களுக்குத்தான் ஊசி.

செவிப்பறையை மரத்துப்போக வச்சு, மைக்ரோஸ்கோப்ல பார்த்துக்கிட்டே மெல்லிய நீள ஊசியில அரை மில்லி போல நடுக்காதுக்குள்ள விடுவோம். மருந்து உடம்புச் சூட்டுல இருக்கோணும். குளுந்த மருந்து பட்டா அங்கயே சுத்த ஆரம்பிச்சிரும். அப்புறம் அந்தக் காது மேல பார்க்க அரை மணி நேரம் படுக்கோணும். பேசக்கூடாது, எச்சில் முழுங்கக்கூடாது. முழுங்குனா காதையும் தொண்டையையும் சேர்க்கற குழாய் திறந்து மருந்து வழிஞ்சிரும், உள்காதுக்கு ஊறாது. இந்த அரை மணி நேரத்தை மட்டும் பொறுத்துக்குங்க.

காது கேட்கும் திறன் பரிசோதகர், பல்லடம்:
ஒவ்வொரு ஊசிக்கு முன்னாடியும் ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேக்குதுன்னு வரைபடம் எடுக்கறது, கட்டாயமுங்க. விசைத்தறியில வருசக்கணக்கா நின்னவங்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்கனவே பள்ளம் விழுந்திருக்கலாம். மெனியர் தொடக்கத்துல தாழ்ந்த சுருதியைப் பிடிக்கும்; ஊசியில போடற ஜென்டாமைசின்ங்கற ஆன்டிபயாடிக் மருந்து கெடுத்தா பெரும்பாலும் உயர்ந்த சுருதியில தெரியும். பழைய வரைபடம் இல்லைன்னா எது தறி, எது மருந்துன்னு பிரிக்க முடியாது.

ஊசியில ஜென்டாமைசினா, ஸ்டீராய்டா, எந்த மருந்துன்னு கேட்டுக்குங்க. ஜென்டாமைசின் உள்காதுச் சமநிலைச் செல்களையே அழிக்குது, ஸ்டீராய்டு அழிக்காது. 2016ல வெளியான லண்டன் ஆய்வுல, 60 பேர்கிட்ட மெத்தில்பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டும் தலைசுத்தலைக் கிட்டத்தட்ட ஜென்டாமைசின் அளவுக்கே குறைச்சுது. ஒரு காதுதான் கேக்குது, அதே காதுலதான் மெனியர்னா ஜென்டாமைசினைத் தவிர்க்கறதுதான் சரி. அம்மா வழியில ஜென்டாமைசின் வகை ஊசியால காது போனவங்க இருந்தா முதல்லயே சொல்லிருங்க.

பிசியோதெரபி, பொள்ளாச்சி:
ஜென்டாமைசின் போட்டு சில நாள்ல நடை தள்ளாடும். நோய் திரும்பிருச்சுன்னு பதறி அடுத்த ஊசி கேட்காதீங்க. அந்தப் பக்கச் சமநிலை குறையுது, மூளை பழகோணும். தலைசுத்தல் அடக்கற மாத்திரையை இப்பத் தொடர்ந்து போட்டா பழகறது தள்ளிப்போகும். கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரா நிறுத்தி, பார்வை நகராம தலையை மட்டும் இடவலமா ஆட்டுங்க, தினமும் பலமுறை. தென்னை ஏறறவங்க, பைக் ஓட்டறவங்க நடை உறுதியாகற வரைக்கும் நிறுத்தி வைங்க. செவிப்பறை ஓட்டை மூடுச்சுன்னு டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் கிணத்துல, வாய்க்கால்ல முங்கக்கூடாது. தலைக்குக் குளிச்சா வாசலின் தடவுன பஞ்சு வச்சுக்குங்க.