வில்னா தல்மூத் தொகுதியின் பழைய உரிமையாளரைக் கண்டறிய உதவி வேண்டும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் வியன்னாவின் பழைய புத்தகக் கடை ஒன்றில், 1880களில் வில்னாவின் (இன்றைய வில்னியஸ்) ரோம் (Romm) குடும்ப அச்சகம் வெளியிட்ட, யூதச் சமயச் சட்ட நூலான தல்மூத்தின் பதிப்பில் பாவா மெட்ஸியா என்ற தொகுதியை வாங்கினேன். அது யாரிடம் இருந்த நூல் என்பதை இன்றுவரை என்னால் கண்டறிய இயலவில்லை.

தலைப்புப் பக்கத்தின் மேற்பகுதியில், யூத வாசகர்களின் பழைய வழக்கப்படி, உடைமை அனைத்தும் இறைவனுடையதே என ஒப்புக்கொள்ளும் விதமாக, "பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது" என்ற 24ஆம் சங்கீத வரி அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) பாணிக் கையெழுத்தில் உள்ளது. அதைப் படிக்கும்போதெல்லாம் எழுதிய கையை நினைத்து மனம் கனக்கிறது. அதன் கீழே தந்தையின் பெயர் மட்டும் தெளிவாக இருக்க, உரிமையாளரின் பெயர் ஈரம் பட்டு அழிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஊதா நிற நீள்வட்ட முத்திரை. அதில் 'லெம்பர்க்', அதாவது இன்றைய லிவிவ், என்ற ஊர்ப்பெயர் மட்டுமே படிக்க முடிகிறது.

கடையில் கொள்முதல் பதிவு இல்லை. புற ஊதா விளக்கில் இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிந்தன. நாஜிகள் கொள்ளையடித்த நூல்கள் போருக்குப் பின் திரட்டப்பட்ட ஆஃபென்பாக் கிடங்கின் முத்திரைத் தொகுப்புகளில் இது இல்லை. யூத நூல்களின் பயணத்தைப் பதிவுசெய்யும் ஃபுட்பிரின்ட்ஸ் தரவுத்தளத்திலும் கிடைக்கவில்லை. இஸ்ரேலில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வாஷெமின் பெயர்ப்பட்டியலில் தந்தை பெயரை மட்டும் கொண்டு தேடினால் எண்ணற்ற பதிவுகள் வருகின்றன.

போருக்கு முந்தைய லெம்பர்க் ஜெப ஆலயங்கள், படிப்பகங்கள் ஆகியவற்றின் முத்திரைகளை ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் காப்பகத்தை அணுக வேண்டும்?