டிஜிட்டல் வயர்லெஸ் வந்த வருஷத்துத் தேர்த் திருவிழா

காவல், தீயணைப்பு வண்டிகளில் வயர்லெஸ் செட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. தென்மாவட்டம் ஒன்றில் பழைய அனலாக் செட்டுகளைக் கழற்றிவிட்டு டி.எம்.ஆர். (டிஜிட்டல் மொபைல் ரேடியோ) என்ற வகை டிஜிட்டல் செட்டுகளை மாட்டினோம். அப்போது பார்த்ததை எழுதுகிறேன். உங்கள் ஊரில் மாற்றம் வரும்போது உதவும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே சேனலை டி.எம்.ஆர். 30 மில்லிவினாடித் துண்டுகளாக (ஸ்லாட்) நறுக்கி, இரண்டு உரையாடல்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும். போக்குவரத்துக்கு ஒரு ஸ்லாட், சட்டம் ஒழுங்குக்கு ஒரு ஸ்லாட் என்று ஒரே ரிப்பீட்டரில் (செட்டின் சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திரும்ப அனுப்பும் நிலையம்) இரண்டும் ஓடும். வாக்கி டாக்கி பாதி நேரம்தான் சிக்னல் அனுப்புகிறது என்பதால் பேட்டரி கூடுதலாகத் தாங்கும். பேசுவது எந்த செட் என்பது கண்ட்ரோல் ரூம் திரையில் தெரியும். என்கிரிப்ஷன் போட்டால் வெளியாள் ஸ்கேனர் வைத்து ஒட்டுக்கேட்க முடியாது.

சிக்கல் தேரோட்டத்தன்று தெரிந்தது. கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். மேல ரத வீதி முனையில் கூட்டம் நெருக்க, அங்கே நின்ற ஏட்டு மைக்கை எடுத்து, "மேல ரத வீதி முனைக்கு ரெண்டு பேரை அனுப்புங்க" என்றார். கண்ட்ரோலில் கேட்டது "ரத வீதி முனைக்கு ரெண்டு பேரை அனுப்புங்க" என்பது மட்டும். எந்த ரத வீதி? எண்ணைப் பார்த்து எஸ்.ஐ. திரும்பக் கூப்பிட்டார், மறுபடியும் முதல் சொல் விழுந்துவிட்டது. மூன்றாவது முறைதான் 'மேல' வந்து சேர்ந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் எளிது. பட்டனை அழுத்தியதும் செட் ரிப்பீட்டரை எழுப்பி, நேரத்தை அதோடு ஒத்துக்கொண்டு, பிறகு 'பீப்' என்று அனுமதி கொடுக்கும். அதற்கு முன் பேசியது போய்ச் சேராது. வருஷக்கணக்காக மைக் பிடித்தவர்களுக்குப் பட்டனை அழுத்தும்போதே பேச்சும் வந்துவிடும். அந்தக் கைப்பழக்கத்தை ஒரு மணி நேர வகுப்பு மாற்றாது. அந்த ஏட்டையாவே அன்று ராத்திரி என்னிடம், "தம்பி, செட்டைக் கொடுத்தீங்க, பீப் சத்தம் எதுக்குன்னு சொல்லலையே" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள்.

அப்புறம் தவிலும் வேட்டும். டிஜிட்டல் செட்டுக்குள் பேச்சை டிஜிட்டலாகச் சுருக்கும் வோகோடர் மனிதக் குரலுக்கென்றே செய்தது. பின்னால் பெரிய சத்தம் இருந்தால் அதையும் குரலாக எண்ணிப் பிசைந்து அனுப்பும். அனலாக்கில் சத்தத்துக்கு நடுவே பழகிய காது பேச்சைப் பிரித்தெடுக்கும். டிஜிட்டலில் பிரித்தெடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஜனங்கள் என்ன செய்வார்கள்? மைக்கை உதட்டில் ஒட்டிக் கத்துவார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். மைக்கை இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்து, முதுகைத் தவில் பக்கம் திருப்பி, சாதாரணக் குரலில் பேசினால் நன்றாகவே போகிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது சிக்னல் எட்டும் எல்லைதான். அனலாக்கில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் ஏறும்; டிரைவர் தானாகவே வண்டியை மேட்டுக்கு ஓட்டிப் பேசுவார். டிஜிட்டலில் கடைசி வரை குரல் தெளிவாக வரும், திடீரென்று நின்றுவிடும். தீயணைப்பில் இருக்கும் என் நண்பர் ஒருவர் கிடங்கு ஒன்றின் நிலவறைக்குள் இறங்கியபோது அப்படித்தான் ஆனது. படிக்கட்டின் பாதி வரை பேச்சு சுத்தம்; நாலு படி இறங்கியதும் வெளியே நின்ற பம்ப் ஆபரேட்டருக்கு ஒன்றுமே இல்லை. புகையில் இருப்பவருக்கு அந்த இரைச்சல்தான் எச்சரிக்கையாக இருந்தது.

நியூயார்க் தீயணைப்புத் துறைக்கு 2001 மார்ச்சில் நடந்ததை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். புது டிஜிட்டல் செட்டுகளைக் கொடுத்த சில நாட்களிலேயே, குவீன்ஸில் ஒரு வீட்டு நிலவறையில் மாட்டிக்கொண்ட வீரரின் அபாய அழைப்பு உடன் வந்தவர்களுக்குக் கேட்கவில்லை. செட்டுகளைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று பழைய அனலாக் செட்டுகளோடுதான் இரட்டைக் கோபுரங்களுக்குள் ஏறினார்கள். 343 பேர் திரும்பவில்லை. அன்றைய தகவல் தொடர்புக் குளறுபடிக்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ரேடியோவும் ஒன்று. பின்னாளில் அந்தப் புது செட்டுகளையே அனலாக் முறையில் இயங்கும்படி மாற்றித்தான் கொடுத்தார்கள்.

திருவிழாவுக்குப் பிறகு நாங்கள் மூன்று வேலைகள் செய்தோம். மைக் பிடிக்கும் ஒவ்வொருவரையும் வண்டியிலேயே உட்காரவைத்து, சைரனைப் போட்டுக்கொண்டு 'பீப்' வரும் வரை காத்திருந்து பேசப் பழக்கினோம். வண்டியோடு தெருத்தெருவாகப் போய், பேச்சு அறுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தோம். நிலவறைகள், பாலத்தடி எல்லாம் அதில் உண்டு. தீயணைப்பு வீரர்கள் உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் பேசிக்கொள்ள, ரிப்பீட்டர் தேவைப்படாத ஒரு நேரடி அனலாக் சேனலை விட்டுவைத்தோம். புது செட்டுகள் இரண்டு முறையிலும் வேலை செய்பவை என்பதால் இதற்குத் தனிச் செலவு ஆகவில்லை. டெண்டர் போடும் இடத்தில் நீங்கள் இருந்தால், அந்த நேரடிச் சேனலையும் களச் சோதனையையும் இப்போதே நிபந்தனையாக எழுதிவிடுங்கள். செட் வந்து இறங்கிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.