மறு: ஜெட் = தாரை? ‘அளவுக்கண்’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கான பழுதுபார்ப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘ஜெட்’ என்பதற்குத் ‘தாரை’ என்று போட்டிருக்கிறோம். ஜெட் விமானத்தைத் தாரை விமானம் என்று எழுதிய பழக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட சொல் அது. இந்த இடத்தில் அது பொருந்தவில்லை. அச்சுக்குப் போவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

கார்புரேட்டரில் ஜெட் என்பது நடுவில் துளையிட்ட ஒரு சின்னப் பித்தளைத் திருகு. துளையின் அளவுதான் அதில் எல்லாமே. சோலெக்ஸ், வெபர் நிறுவனங்களின் கார்புரேட்டர் ஜெட்டுகளில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 125 போட்டால் துளையின் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். பெட்ரோல் தேவைக்கு மேல் போனால் ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும். அடைத்துக்கொண்ட ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதே, கிளீனர் அடித்துக் காற்றுப் பிடி என்று நல்ல மெக்கானிக் சொல்வது இதனால்தான். ‘தாரையைக் கம்பியால் குத்த வேண்டாம்’ என்று நாம் எழுதினால் படிக்கிறவருக்கு என்ன விளங்கும்?

ஏர் ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போவது பெட்ரோல் அல்ல, காற்று. அந்தத் துளை பெரிதானால், வண்டி வேகமாக ஓடும்போது கலவை மெலியும். அதையும் தாரை என்றால் குழப்பம் இரட்டிப்பாகிவிடும்.

தாரை என்று சொல்லத் தகுந்த ஒன்று கார்புரேட்டரில் இருக்கத்தான் செய்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, திராட்டிலை (ஆக்சிலரேட்டர் திறக்கும் தடுப்பை) சட்டென்று திறந்து பாருங்கள். ஆக்சிலரேட்டர் பம்பின் முனையிலிருந்து மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீச்சியடிக்கும். அது அடிக்காவிட்டால் மிதித்த உடனே வண்டி ஒரு கணம் திக்கும். தாரையை அந்த முனைக்கே வைத்துக்கொள்வோம்.

ஜெட்டுக்கு நான் முன்வைப்பது ‘அளவுக்கண்’. நீர் பாயும் திறப்பைக் கண் என்பது நம் ஊர் வழக்கு. மேட்டூரில் பதினாறு கண் மதகு இருக்கிறது. சல்லடைக்கும் கண் உண்டு. ஜெட்டை ‘நுண்துளை’ என்று சொல்லலாம் என்ற நண்பருக்கு: அது தோலிலும் மண்ணிலும் தானாக அமைந்த துளைக்குப் போய்விட்டது. இது கணக்கிட்டுப் போட்ட துளை. விட்டத்தைச் சொல்லும் சொல்லும் வேண்டாம், ஏனென்றால் மிக்கூனி நிறுவனத்தின் அறுகோணத் தலை மெயின் ஜெட்டில் (பெட்ரோல் போகும் முக்கிய ஜெட்டில்) உள்ள எண் துளையின் விட்டத்தை அல்ல, பாய்வளவைக் குறிக்கிறது. ‘அளவு’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

மெயின் ஜெட் பெருங்கண், ஏர் ஜெட் காற்றுக்கண். (‘முதற்கண்’ வேண்டாம், அது மேடைப்பேச்சின் முதல் வார்த்தை.) வண்டி நிற்கும்போது இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்குக்கு ‘நின்றோட்டம்’ என்று ஏற்கெனவே பேசியிருக்கிறோம், ஆகவே ஐட்லிங் ஜெட் நின்றோட்டக் கண். பழுது பார்க்கும் பகுதியில் வைத்து எழுதிப் பார்த்தேன்:

“ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் அணைந்துபோய், சோக்கை இழுத்தால் மட்டும் நின்று ஓடினால் முதலில் நின்றோட்டக் கண்ணைக் கழற்றிப் பாருங்கள். நின்றோட்டம் சீராக இருந்து, நெடுஞ்சாலையில் மட்டும் இழுவை இல்லை என்றால் பெருங்கண் அடைத்திருக்கலாம். மிதவைக் கலத்துக்குப் போதிய பெட்ரோல் வருகிறதா என்பதையும் பாருங்கள்.”

எனக்குத் தடையில்லாமல் ஓடுகிறது. பட்டறையில் ஜெட் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். அடைப்புக்குறிக்குள் ‘ஜெட்’ என்று ஒருமுறை கொடுத்துவிடலாம்.

எனக்கு இன்னும் தெளியாதது எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர். அதில் கூம்பிப்போகும் ஊசி ஒன்று ஜெட்டுக்குள் ஏறி இறங்கி வழியை மாற்றிக்கொண்டே இருக்கும். கண்ணின் அளவு மாறுவதில்லை, ஊசிதான் அளக்கிறது. அங்கே ஊசியை ‘அளவூசி’ என்றும், ஜெட்டை வெறும் ‘கண்’ என்றும் சொன்னால் போதுமா? எஸ்.யூ. கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டிய அனுபவம் உள்ளவர்கள் இதற்குப் பதில் எழுதுங்கள்.