போர் தண்ணி டிடிஎஸ் 460 காட்டுது, ரெண்டரை வயசு பாப்பாவுக்கு குடுக்கலாமா? (பாலக்கோடு பக்கம்)

பாப்பா_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம்தான் பாலக்கோடு பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு குடி வந்தோம், மாமனார் வழில வந்த வீடு. வீட்டுக்குன்னு தனி போர், 750 அடின்னு சொல்றாங்க. தண்ணி பாக்க கண்ணாடி மாதிரி இருக்கு, உப்புக்கரிப்பு கிடையாது, சோப்பு நல்லா நுரைக்குது, அதனால நாங்க காய்ச்சி ஆறவச்சு அப்படியே குடிச்சிட்டு இருந்தோம். போன வாரம் ஒரு வாட்டர் பியூரிஃபையர் (தண்ணி சுத்திகரிக்கற மிஷின்) கம்பெனி பையன் வந்து எங்க தண்ணிய ஒரு டம்ளர்ல ஊத்தி உள்ள நாலு கம்பி வச்ச ஒரு மிஷின விட்டான், ரெண்டு நிமிசத்துல தண்ணி பழுப்பும் பச்சையுமா சாக்கடை மாதிரி ஆயிடுச்சு. அவன் கொண்டு வந்த தண்ணி அப்படியே இருந்துச்சு. வீட்ல எங்கம்மா அழாத குறை, இதையா குழந்தைக்கு குடுத்தோம்னு. பதினெட்டாயிரம் ரூவா மிஷின் சொல்றான். நான் ஆன்லைன்ல ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி பாத்தா 460 காட்டுது. 500க்கு கீழ இருந்தா நல்ல தண்ணின்னு போட்டிருக்கு. அப்ப யார நம்புறது?

இன்னொன்னு, வீடு பழசு. கதவு ஜன்னல்ல பச்சை எனாமல் பெயிண்ட் செதில் செதிலா உரியுது, பாப்பா அத பிச்சு வாயில வைக்கிறா. சமையக்கட்டுக்கு மேல சிமெண்ட் சீட். இதெல்லாம் பெரிய விசயமா இல்ல நாந்தான் ஓவரா யோசிக்கிறேனா?

ஓசூர்_மணி:
ப்ரோ ஒரு ஆர்ஓ ஃபில்டர் போடுங்க கத முடிஞ்சது. இதுக்கு போய் இவ்ளோ பெரிய போஸ்ட்டா.

பழைய_லேப்காரன்:
மணி தம்பி, என்ன வியாதின்னே தெரியாம மாத்திர எழுதுற மாதிரி இருக்கு. நான் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல இருபது வருசத்துக்கு மேல இருந்துட்டு ரிட்டயர் ஆனவன், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த கம்பி வித்தை. அந்த நாலு கம்பில ரெண்டு இரும்பு, ரெண்டு அலுமினியம். தண்ணில உப்பு இருந்தா கரண்ட் பாயும், கரண்ட் பாஞ்சா இரும்புக் கம்பி கரையும், நீங்க பாத்த பழுப்பு பச்சை எல்லாம் அவன் கம்பில இருந்து வந்த துரு, உங்க தண்ணில இருந்து வந்ததில்ல. அவன் தண்ணில உப்பே இல்லாததால கரண்ட் பாயல, அவ்ளோதான். அடுத்த தடவ வந்தா அவன் கொண்டு வர்ற தண்ணிலயே ஒரு சிட்டிகை சோத்து உப்பு போட்டு மறுபடி மிஷின விடச் சொல்லுங்க, பைய எடுத்துட்டு கிளம்பிடுவான்.

ஆனா அவன் ஏமாத்தினான்றதுக்காக உங்க தண்ணி நல்லதுன்னு ஆயிடாது, இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. டிடிஎஸ் மீட்டர் கரைஞ்ச உப்பு மொத்தம் எவ்ளோன்னு ஒரு தோராயம் காட்டும். என்ன உப்புன்னு அதுக்கு தெரியாது. 460ல கால்சியம் இருக்கலாம், பைகார்பனேட் இருக்கலாம், ஃபுளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தாலும் மீட்டர் முள்ளு அசையாது. கிருமிய பத்தி அதுக்கு ஒன்னுமே தெரியாது. 460 காட்டுற தண்ணி குடிச்சு பல்லு காவியேறிப் போன ஊரு உங்க மாவட்டத்துலயே எத்தன இருக்கு.

தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் முழுக்க கருங்கல் பாறை. அந்த பாறையில ஃபுளோரைடு இருக்கு, தண்ணி வருசக்கணக்குல பாறை இடுக்குல தேங்கி நிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. ஆழமா போனா பெரும்பாலும் கூடத்தான் செய்யும். இன்னொன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, சோப்பு நல்லா நுரைக்குதுன்னு சந்தோசமா எழுதியிருக்கீங்கல்ல, அதுவே எனக்கு சந்தேகத்த கிளப்புது. தண்ணில கால்சியம் நிறைய இருந்தா ஃபுளோரைட புடிச்சு கீழ இறக்கிடும், கால்சியம் கம்மியா இருக்கற மெத்து தண்ணிலதான் ஃபுளோரைடு தாராளமா கரைஞ்சு நிக்கும். ருசிய வச்சோ நிறத்த வச்சோ கண்டுபுடிக்கவே முடியாது.

காய்ச்சினா போகாது. கிருமி சாகும், ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அப்படியே நிக்கும், தண்ணி வத்துற அளவுக்கு கொஞ்சம் கூடவே செய்யும். செம்புக்குடத்துல வச்சாலும் போகாது. தேத்தாங்கொட்டை உரசிப் போட்டா கலங்கல் தெளியும், அதோட வேல அவ்ளோதான்.

டெஸ்ட் குடுங்க. குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கு, பொதுமக்களும் குடுக்கலாம், பிரைவேட் லேப்ப விட ரொம்ப கம்மி. ரெண்டு டெஸ்ட்டும் கேளுங்க, கெமிக்கலும் பாக்டீரியாவும். கெமிக்கலுக்கு ரெண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன், மோட்டார் போட்டு பத்து நிமிசம் தண்ணிய ஓட விட்டுட்டு அதே தண்ணில மூணு தடவ கேன அலசிட்டு புடிங்க. பாக்டீரியாவுக்கு லேப்லயே பாட்டில் குடுப்பாங்க, அத மட்டும் அலசவே கூடாது, வாய்ப் பக்கம் கை வைக்கக் கூடாது, புடிச்சதும் ஐஸ் போட்டு அன்னைக்கே கொண்டு போய் சேத்துடணும். என் காலத்துல பினாயில் பாட்டில்ல புடிச்சிட்டு வந்து சார் தண்ணி கெட்டுப்போச்சு பாருங்கன்னு நிப்பாங்க, கூல்டிரிங்ஸ் பாட்டில்ல வந்தத எண்ணவே முடியாது.

அரூர்_அக்கா:
சார் சொல்றது நூத்துக்கு நூறு. எங்க வீட்ல எனக்கும் தம்பிக்கும் பல்லுல காவி கோடு இருக்கு, பொண்ணு பாக்க வந்தப்ப வெத்தல பாக்கு போடற பழக்கம் உண்டான்னே கேட்டாங்க, இப்ப சிரிப்பு வருது அப்ப வரல. எவ்ளோ தேய்ச்சாலும் போகாது, அது மேல புடிச்ச கறை இல்ல, பல்லு உள்ள உருவாகும்போதே ஏற்படறது. உங்க பாப்பாவுக்கு ரெண்டர வயசுதான, நிரந்தரப் பல்லு உள்ள உருவாகிட்டு இருக்கற வயசு இதுதான் தம்பி, எட்டு வயசு வரைக்கும் ஜாக்கிரதையா இருங்க.

உங்க தெருவுல ஒகேனக்கல் தண்ணி வருதான்னு பாருங்க. அந்தத் திட்டமே ஃபுளோரைடுக்காக கொண்டு வந்ததுதான், ஜப்பான் கடன்ல கட்டி 2013ல திறந்தாங்க. அது காவிரித் தண்ணி, ஃபுளோரைடு பிரச்சன இல்ல. ஆனா ஒரு விசயம், எங்க ஊர்ல காவிரி தண்ணி பத்தாத நாள்ல போர் தண்ணியையும் அதே மேல்நிலைத் தொட்டில ஏத்தி விட்டாங்க, கேட்டாதான் சொன்னாங்க. அதனால தெருக்குழாய் தண்ணியையும் ஒரு பாட்டில் சேத்து குடுத்துடுங்க. இப்ப ஜல் ஜீவன் குடிநீர் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பொம்பளைங்களுக்கு டெஸ்ட் கிட் பயிற்சி குடுக்கணும்னு இருக்கு, உங்க ஊராட்சில யாருன்னு விசாரிச்சா வீட்டு வாசல்லயே கலர் பாத்து தோராயமா சொல்லிடுவாங்க.

கிணத்துமேட்டு_பெருசு:
எங்க தாத்தா இதே மண்ணுல இதே தண்ணி குடிச்சு 90 வயசு வரைக்கும் ஏர் ஓட்டினாரு. இப்ப எல்லாத்துக்கும் டெஸ்ட்டு, பயம். வியாபாரம்யா எல்லாம்.

பழைய_லேப்காரன்:
ஐயா உங்க தாத்தா குடிச்சது 40 அடி திறந்த கிணத்து தண்ணி, மழைத்தண்ணி இறங்கி வருசா வருசம் மாறுன தண்ணி. இவரு குடிக்கறது 750 அடில பாறைக்குள்ள இருந்து வர்றது. மண்ணு ஒன்னுதான், தண்ணி ஒன்னு இல்ல. வியாபாரம்னு சொன்னீங்களே அது மட்டும் சரி, அதனாலதான் மிஷின் வாங்கறதுக்கு முன்னாடி டெஸ்ட்டுன்றேன்.

பெயிண்டர்_செல்வம்:
அண்ணே தண்ணி விசயம் சார் பாத்துக்குவாரு, கதவு பெயிண்ட் நான் சொல்றேன். பழைய எனாமல்ல ஈயம் சும்மா அள்ளிப் போட்டிருப்பாங்க, பச்சை மஞ்சள் சிவப்புல இன்னும் ஜாஸ்தி. 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல ஈயம் இருக்கக் கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். குழந்த வாயில வைக்கறத இன்னைக்கே நிறுத்துங்க, அதுல விளையாட்டே வேணாம், மூளை வளர்ச்சிய பாதிக்கும். ரொம்ப நாளா தின்னிருந்தா டாக்டர்கிட்ட சொல்லி ரத்தத்துல ஈயம் பாக்கச் சொல்லுங்க. பழைய பெயிண்ட எடுக்கணும்னா உப்புத்தாள் போட்டு வறட்டுன்னு தேய்க்கவே கூடாது, தூள் வீடு பூரா பறக்கும். தண்ணி தெளிச்சு வாட்டர் பேப்பர்ல தேய்க்கச் சொல்லுங்க, கீழ தார்ப்பாய் விரிச்சு செதில மொத்தமா சுருட்டி எடுங்க, அப்புறம் பெருக்காம ஈரத்துணியால துடைங்க. வேல முடியற வரைக்கும் பாப்பாவையும் அக்காவையும் மாமனார் வீட்ல விட்டுடுங்க.

சிமெண்ட் சீட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், உடையாம இருக்கற வரைக்கும் பெருசா பயமில்ல, அத நோண்டாதீங்க. ட்ரில் போட்டு ஃபேன் மாட்டறது, கம்பி பிரஸ்ல பாசி சுரண்டறது இதான் ஆபத்து. அதுல வடியற மழைத்தண்ணிய குடிக்கப் புடிக்காதீங்க.

பாப்பா_அப்பா:
லேட்டானதுக்கு மன்னிக்கணும், ரிசல்ட் இன்னைக்குதான் கைக்கு வந்துச்சு. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. நம்ம போர்: ஃபுளோரைடு 2.3, நைட்ரேட் 68, கடினத்தன்மை 140, டிடிஎஸ் 470, கோலிஃபார்ம் இருக்குன்னு போட்டிருக்கு, இ.கோலையும் இருக்கு. தெருக்குழாய்: ஃபுளோரைடு 0.6, நைட்ரேட் 9, கிருமி இல்ல. ஃபுளோரைடு நீங்க சொன்ன மாதிரியேதான் சார். ஆனா 750 அடி ஆழத்துல கிருமி எப்படி சார் வரும்? அம்மா மறுபடி அழ ஆரம்பிச்சிட்டாங்க.

பழைய_லேப்காரன்:
அம்மாவ அழ வேணாம்னு சொல்லுங்க, ஒரு மாசம்தான் ஆச்சு, நேரத்துல பாத்துட்டீங்க. ஃபுளோரைடு 1க்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லாத இடத்துல 1.5 வரைக்கும் விடுவாங்க. நைட்ரேட்டுக்கு 45, அதுல சலுகையே கிடையாது, அது கைக்குழந்தைக்கு ரத்தத்துல ஆக்சிஜன் ஓட விடாம பண்ணும். இ.கோலைன்றது மலத்துல இருந்து வர்ற கிருமி, அது ஒன்னு கூட இருக்கக் கூடாது.

ஃபுளோரைடு பாறைல இருந்து வருது, அதுக்கு யார் மேலயும் குத்தமில்ல. நைட்ரேட்டும் இ.கோலையும் சேந்து வருதுன்னா அது மேல இருந்து இறங்குது. போருக்கு எத்தன அடி தள்ளி செப்டிக் டேங்க் இருக்கு? அடி தளம் போடாத உறை இறக்குன குழியா? பழைய வீடுன்னா பாதி அப்படித்தான். 50 அடியாவது தள்ளி இருக்கணும். கேசிங் பைப், அதான் போர் ஓட்டைக்குள்ள மேல் பக்கம் இறக்கற பைப், அத வெறும் மேல் மண்ணு வரைக்கும் இறக்கி சுத்தி சிமெண்ட் போடாம விட்டிருந்தா ஆழம் 750 இருந்தாலும் மேல கசியறது பைப்ப ஒட்டியே இறங்கிடும்.

பாப்பா_அப்பா:
சார் டேப் வச்சு அளந்து பாத்தேன், 17 அடி. உறைக் குழிதான். மாமனார கேட்டா அந்தக் காலத்துல இடம் அவ்ளோதான் இருந்துச்சு மாப்ளன்றாரு.

பழைய_லேப்காரன்:
அப்ப முடிவு சுலபம். குடிக்க, சமைக்க, பாப்பாவுக்கு பல்லு விளக்க தெருக்குழாய் தண்ணி. அத புடிச்சு மூடி வச்ச பாத்திரத்துல வைங்க, காய்ச்சினாலும் நல்லதுதான். போர் தண்ணி குளிக்க, துணிக்கு, செடிக்கு. சமையலுக்கு போர் தண்ணி ஊத்தினா அரிசி பருப்பு ஃபுளோரைடையும் சேத்து இழுத்துக்கும், அத மறந்துடாதீங்க. ஆர்ஓ இப்ப வேணாம், தெருக்குழாய் தண்ணிக்கு அது தேவையே இல்ல. குழாய் தண்ணி நின்னு போய் போர் தண்ணியவே குடிக்கற நிலம வந்தா மட்டும் யோசிங்க, அப்ப அந்த டிடிஎஸ் மீட்டருக்கும் ஒரு வேல வரும், உள்ள போறதும் வெளிய வர்றதும் அளந்து ஆர்ஓ உள்ள உப்ப வடிகட்டற மெம்பரேன் செத்துடுச்சான்னு பாக்கலாம். மழைக்கு முன்னாடி ஒரு தடவ பின்னாடி ஒரு தடவ தெருக்குழாய மறுபடி குடுங்க, அரூர் அம்மா சொன்ன கலப்படம் அங்கயும் நடக்கலாம்.

ஓசூர்_மணி:
சார் நான் மூணு வருசமா ஆர்ஓ தண்ணிதான் குடிக்கறேன், உள்ள வர்ற தண்ணிய டெஸ்ட்டே பண்ணினதில்ல. சாம்பிள் எந்த நேரத்துல கொண்டு போனா வாங்குவாங்க?

பாப்பா_அப்பா:
காலைலயே போயிடுங்க ப்ரோ, வெள்ளிக்கிழம பாக்டீரியா சாம்பிள் வாங்குவாங்களான்னு போன் பண்ணி கேட்டுட்டு போங்க, என்ன திருப்பி அனுப்பிட்டாங்க. செல்வம் தம்பி, கதவு நாலு, ஜன்னல் ஆறு, ஈரம் போட்டு எடுத்து பிரைமர் அடிக்க எத்தன நாள் ஆகும்?

பெயிண்டர்_செல்வம்:
நாலு நாள் வைங்கண்ணே. தூள கழுவி விட்ட தண்ணிய மட்டும் அந்தப் போர் பக்கம் ஊத்திடாதீங்க.