வால் தெரிகிறது, மீன்தான் கடிக்கவில்லை

டெக்ஸாஸ், கார்பஸ் கிறிஸ்டிக்குத் தெற்கே மேல் லகுனா மாட்ரே என்ற ஆழமில்லாத உப்பங்கழியில் தூண்டில் போடுகிறேன். அக்டோபர் தொடங்கியதிலிருந்து நான்கு சனிக்கிழமை போய்விட்டேன். கண்ணில் பட்ட ரெட்ஃபிஷ் (செந்நிறக் கடல்மீன்) ஒன்றுகூட இரையைத் தொடவில்லை.

முழங்கால் அளவுத் தண்ணீர், கடற்புல் தரை, நடந்தேதான் போகிறேன். காலை 9 மணிக்கு மேல் வெயில் முதுகில் விழும்போது மீன் நன்றாகவே தெரிகிறது. தலையைப் புல்லுக்குள் செருகிக்கொண்டு வாலை வெளியே ஆட்டும். வாலடியில் உள்ள கரும்புள்ளிகூடத் தெரியும். இரை விழுந்த நொடியில் மீன் ஓடிவிடும்; கொஞ்சம் சேற்றுப் புகை, அவ்வளவுதான்.

7 அடி மீடியம் ராட் (தூண்டில் கம்பு), 15 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் நுனியில் 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (கண்ணுக்கு எளிதில் தெரியாத முன்நரம்பு). முதலில் கால் அவுன்ஸ் தங்க நிற ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) போட்டேன். சத்தம் அதிகமோ என்று அரைக்கால் அவுன்ஸ் ஜிக்கில் (எடை சேர்த்த கொக்கி) மாட்டிய ரப்பர் இறாலுக்கு மாறினேன். லீடரை 2 அடியிலிருந்து 4 அடியாக்கினேன். மீனுக்கு 3 அடி முன்னால் வீசியும் பார்த்தாயிற்று. தண்ணீரின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி இருக்கிறது. வாடைக்காற்று அடித்துத் தண்ணீர் இறங்கிய மறுநாள் இன்னும் மோசம். (சற்றுத் தள்ளி நின்ற பெரியவருக்கு அதே ஸ்பூனில் இரண்டு! அதுதான் எரிச்சல்.)

தலை கவிழ்ந்து மேயும் மீனுக்கு நீங்கள் எவ்வளவு தள்ளிப் போட்டு, எந்த வேகத்தில் இழுக்கிறீர்கள்?